செக் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை செக்?

செல்லூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வீட்டில் கைத்தறி ஓடுகிறது, அவர் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முதலாண்டு. அவர் கேட்டது இது: "சார், சட்டையில இருக்கிறதும் செக், பேங்க்ல குடுக்கிறதும் செக், செஸ்ல ராஜாவுக்கு வைக்கிறதும் செக், பஸ்ல ஏறி டிக்கெட் பார்த்தா அதுவும் செக்கிங். இதெல்லாம் ஒரே வார்த்தையா, தற்செயலா ஒரே மாதிரி இருக்கா? நம்ம எண்ணெய்ச் செக்குதான் இங்கிலீஷுக்குப் போச்சுன்னு என் நண்பன் சொல்றான். கேஷ்கூட நம்ம காசுதானாம். உண்மையா சார்?"

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன அத்தனை செக்கும் ஒரே சொல்தான். அது கிளம்பிய இடம் பாரசீகம். அங்கே அரசனுக்கு 'ஷா' என்று பெயர். அந்த ஷாதான் ஊர் ஊராகத் தேய்ந்து தேய்ந்து செக் ஆனது. எண்ணெய்ச் செக்கு இந்தக் குடும்பத்தில் சேராது. காசு விஷயத்தில் உங்கள் நண்பர் பாதி சரி, அதைக் கடைசியில் பார்ப்போம். முப்பது வருடத்துக்கு மேல் மதுரையில் வங்கி வேலை பார்த்தவன் நான். தினமும் கையில் புரண்ட சொல் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கதை நம் நாட்டில்தான் தொடங்குகிறது. தேர், யானை, குதிரை, காலாள் என்று நான்கு உறுப்புள்ள படைக்குச் சதுரங்கம் என்று பெயர். அந்தப் பெயரிலேயே ஒரு பலகை விளையாட்டு 6ஆம் நூற்றாண்டு வாக்கில் வட இந்தியாவில் இருந்தது. அது பாரசீகத்துக்குப் போய் 'சத்ரங்' ஆனது. 7ஆம் நூற்றாண்டில் அரபுகள் பாரசீகத்தைப் பிடித்தபோது விளையாட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள், அவர்கள் வாயில் அது 'ஷத்ரஞ்ச்'. அவர்கள் வழியாக ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் போய், 1000ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பாவில் காலூன்றியது. ஸ்பெயின்காரர்கள் இன்றைக்கும் செஸ்ஸை 'அஹெத்ரேஸ்' என்கிறார்கள். காதை நீட்டிக் கேட்டால் உள்ளே நம் சதுரங்கம் இருக்கும்.

ஐரோப்பாவின் மற்ற ஊர்க்காரர்கள் விளையாட்டின் பெயரை விட்டுவிட்டு, ஆட்டத்தின் நடுவே எழும் குரலைப் பிடித்துக்கொண்டார்கள். பாரசீக ஆட்டத்தில் எதிராளியின் அரசன்மேல் குறி வைத்தால் சும்மா இருக்கக் கூடாது, "ஷா!" என்று சொல்லி எச்சரிக்க வேண்டும். "உன் ராஜாவைப் பார்த்துக்கொள்" என்று அர்த்தம். அந்த ஷா லத்தீன்காரர்களிடம் 'ஸ்காக்கஸ்' ஆகி, பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' ஆகி, 1300 வாக்கில் ஆங்கிலத்தில் 'செக்' என்று வந்து சேர்ந்தது. அந்த எஸ்செக்கின் பன்மையிலிருந்து வந்ததுதான் 'செஸ்'. அதாவது செஸ் என்றாலே 'செக்குகள்' என்றுதான் பொருள். ஒருமையும் பன்மையும் ஆங்கிலத்துக்குள் நுழைந்த பிறகு தனித்தனிக் குடும்பம் நடத்துகின்றன.

செக்மேட்டும் அப்படித்தான். 'ஷா மாத்' என்பதற்கு "ராஜா செத்தான்" என்று அரபு வழியாக ஒரு விளக்கம் உண்டு. 'மாத்' பாரசீகச் சொல், வழியற்று நிற்பதைக் குறிப்பது என்பது இன்னொரு விளக்கம். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. அந்த ஆட்டத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை. நகர இடமில்லாமல் நிற்கிறான், ஆட்டம் முடிகிறது.

இந்த ஷாவுக்கு நம் பக்கத்திலும் உறவு உண்டு. ஷாஜஹானில் இருப்பதும் பாதுஷா என்ற பட்டத்தில் இருப்பதும் இதே ஷா. இன்னும் பின்னால் போனால், பழைய பாரசீகத்தில் இருந்த அதன் மூல வடிவமும் சமஸ்கிருதத்தின் 'க்ஷத்ர' என்ற சொல்லும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. ஆளுதல் என்பது அந்த வேரின் பொருள். அதனால் சத்திரியன் என்ற சொல்லும் உங்கள் சட்டையில் இருக்கும் செக்கும் தூரத்துப் பங்காளிகள்.

சரி, ராஜாவைக் கூப்பிட்ட குரல் எப்படிச் 'சோதனை' ஆனது? இடையில் ஒரு படி இருக்கிறது. செஸ் ஆடியிருந்தால் தெரியும், எதிராளி செக் என்று சொன்ன நொடியில் உங்கள் திட்டமெல்லாம் நின்றுவிடும். குதிரையை இப்படிக் கொண்டுபோகலாம் என்று யோசித்தது போச்சு, முதலில் ராஜாவைக் காப்பாற்ற வேண்டும். அதனால் செக் என்றால் 'சட்டென்று தடைபடுவது' என்ற பொருள் ஏறியது. ராஜாளிப் பறவையை வைத்து வேட்டையாடியவர்கள்கூட, பறவை குறிவைத்த இரையை விட்டுவிட்டு வழியில் வேறொன்றின் பின்னால் போனால் அதைச் செக் என்றார்கள். பிறகு 'கட்டுக்குள் வைப்பது' என்று பொருள் விரிந்தது.

இந்தத் 'தடு' என்ற பொருளைத் தமிழில் அழகாகப் பிடித்தவர்கள் பொதுப்பணித்துறைக்காரர்கள். செக் டேம் என்பதை அவர்கள் தடுப்பணை என்றார்கள். சோதனை அணை என்று யாராவது பெயர்த்திருந்தால் பாழாய்ப் போயிருக்கும். வைகையில் வரும் தண்ணீர் போகிற போக்கில் போய்விடாமல் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், நிலத்துக்குள் இறங்க வேண்டும். ஆற்றுக்குச் செக் சொல்கிறோம், ஆறு நிற்கிறது. குமுளிப் பக்கம் போனால் வருகிற செக் போஸ்ட்டில் இரண்டு பொருளும் கலந்திருக்கிறது. வண்டியைத் தடுக்கிறார்கள், அப்புறம் சோதிக்கிறார்கள். மாட்டுத்தாவணியில் கிளம்பிய பஸ்ஸை வழியில் நிறுத்தி "செக்கிங்" என்று ஏறும்போதும் அதே வரிசைதான், முதலில் நிறுத்தம், பிறகு டிக்கெட்.

இனி நீங்கள் பிறந்து வளர்ந்த வீட்டுக்கு வருகிறேன், கட்டத் துணிக்கு. அதற்கு இங்கிலாந்து அரசின் கருவூலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும்.

செஸ் பலகைக்குப் பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்கியே' என்று பெயர். பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தை ஆண்டவர்கள் வருடத்துக்கு இரண்டு முறை, ஈஸ்டரிலும் இலையுதிர் காலத்தில் வரும் மைக்கேல் திருநாளிலும், மாவட்ட அதிகாரிகளான ஷெரிப்புகளைக் கூப்பிட்டு வரிக்கணக்குப் பார்ப்பார்கள். நம்மூர் ஜமாபந்தி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது அங்கே ரோமானிய எண்கள்தான் புழக்கம். அதில் கூட்டிக் கழிப்பது பெரும்பாடு. 12 பென்ஸுக்கு ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங்குக்கு ஒரு பவுண்டு என்ற கணக்கு வேறு. அதனால் ஒரு பெரிய மேசை போட்டார்கள். கருவூல அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் கடைசியில் எழுதிவைத்த விவரம் கிடைத்திருக்கிறது. மேசை 10 அடி நீளம், 5 அடி அகலம். மேலே வைப்பது உருண்டு விழாமல் சுற்றிலும் நாலு விரல்கடை உயரத்துக்கு விளிம்பு. அதன்மேல் ஒரு கறுப்புத் துணி விரிப்பார்கள், துணியில் ஒரு அடிக்கோ ஒரு சாணுக்கோ ஒரு கோடு. ஒரு பத்தி பென்ஸுக்கு, ஒன்று ஷில்லிங்குக்கு, ஒன்று பவுண்டுக்கு, அதற்கப்புறம் இருபது, நூறு, ஆயிரம் என்று போகும். ஷெரிப் கட்ட வேண்டிய தொகைக்கு ஒரு வரிசை வட்டக்காசு, கட்டிய தொகைக்கு இன்னொரு வரிசை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் மேசையைப் பார்த்தால் எவ்வளவு பாக்கி என்று கண்ணால் கண்டுகொள்ளலாம்.

ஒரு பக்கம் கருவூலத் தலைவர், எதிர்ப்பக்கம் ஷெரிப், நடுவில் கட்டம் போட்ட துணி, அதன்மேல் நகரும் காய்கள். பார்த்தவர்களுக்குச் செஸ் ஆட்டம்தான் ஞாபகம் வந்திருக்கிறது. அங்கே போர் நடப்பது இந்த இருவருக்கும் இடையில்தான் என்று ஃபிட்ஸ்நீலே எழுதியிருக்கிறார். அதனால் அந்த மேசைக்கு வந்த பெயர் எக்ஸ்செக்கர், மேசையைச் சுற்றி உட்கார்ந்த அலுவலகத்துக்கும் அதே பெயர். இன்றைக்கும் பிரிட்டனின் நிதியமைச்சருக்கு 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்றுதான் பட்டம். சதுரங்கப் பலகையின் மந்திரி என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்தப் பலகைச் சொல் இன்னொரு பக்கம் துணிக்கும் போனது. பலகை போலச் சதுரம் சதுரமாக இருப்பதெல்லாம் 'செக்கர்', அது சுருங்கினால் செக். இதில் ஒரு விஷயத்தை நான் மிகவும் ரசித்தேன். நம் நாட்டுப் பழைய பலகைக்கு அஷ்டாபதம் என்று பெயர், எட்டுக்கு எட்டு கட்டம், ஆனால் எல்லாம் ஒரே நிறம். கறுப்பும் வெளுப்புமாக மாற்றி மாற்றி நிறம் தீட்டியது ஐரோப்பாவுக்குப் போன பிறகுதான். பலகை அங்கே நிறம் மாறியதால்தான் அதைப் பார்த்த கண்ணுக்குக் கட்டத் துணி நினைவுக்கு வந்தது.

உங்கள் அப்பாவுக்கு இதைவிட நன்றாகக் கட்டம் தெரியும். பாவில் இத்தனை இழை சிவப்பு, இத்தனை இழை கறுப்பு என்று ஓட்டிவைத்து, அதே கணக்கில் ஊடையிலும் நிறம் மாற்றினால் குறுக்கும் நெடுக்கும் வெட்டிக்கொண்டு கட்டம் விழும். பாவு சிவப்பும் ஊடை சிவப்பும் சந்திக்கும் இடம் அடர் சிவப்பு, சிவப்பின்மேல் கறுப்பு ஓடும் இடம் மங்கலான பழுப்பு. ஊடையில் ஒரு இழை கூடிவிட்டால் சதுரம் நீண்டுவிடும். கைலியில் அது கண்ணுக்குத் தப்பும், சேலையில் தப்பாது. நம் பக்கத்தில் கட்டத்துக்கென்றே பேர் வாங்கியது காரைக்குடிக் கண்டாங்கி. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, திண்டுக்கல் பூட்டுக்குக் கிடைத்த அதே சமயம். கடுகு மஞ்சளும் அரக்குச் சிவப்புமாகப் பெரிய பெரிய கட்டம். விரித்துப் போட்டால் அதன்மேல் காய் வைத்தே ஆடலாம்.

ஒரு சொல் இப்படிக் கிளைவிடுவது ஆங்கிலத்துக்கு மட்டும் நேர்ந்ததில்லை. நம் 'கட்டம்' என்ற சொல்லையே பாருங்கள். கைலியில் கட்டம், தாயம் ஆடத் தரையில் போடுவது கட்டம், ஜாதகத்தில் கட்டம், தேர்தலில் முதல் கட்டம் இரண்டாம் கட்டம், பத்திரிகையில் பெட்டிச் செய்தியைக் கட்டம் கட்டிப் போடுகிறார்கள். "அவனைக் கட்டம் கட்டிட்டாங்க" என்றால் ஒதுக்கிவைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். வெளியூர்க்காரர் கேட்டால் தலை சுற்றும், நமக்கு ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகிற வழி தெரிகிறது.

இப்போது பேங்க் செக். இதுதான் என் பேட்டை.

'சரிபார்ப்பது' என்ற பொருள் செக்கில் உறுதிப்பட்டது 17ஆம் நூற்றாண்டின் கடைசியில். அன்றைய சரிபார்ப்பு எப்படி நடந்தது என்றால், ஒரே கணக்கை இரண்டாக வைத்துக்கொண்டு ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவது. கன்ட்ரோல் என்ற சொல்லுக்கே மூலப்பொருள் 'எதிர்ச்சுருள்', அதாவது இன்னொருவர் தனியாக எழுதிவைக்கும் பதிவேடு. நான் சொன்ன கருவூலத்தில் பணம் கட்டியதற்கு ரசீது காகிதத்தில் தரவில்லை, குச்சியில் தந்தார்கள். ஒரு குச்சியில் தொகைக்குத் தக்கபடி வெட்டுத் தடம் போட்டு, அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி கட்டியவருக்கு, மறு பாதி கருவூலத்துக்கு. சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார்கள், வெட்டும் மர ரேகையும் பொருந்த வேண்டும். 1826 வரைக்கும் இந்தக் குச்சிகள் புழக்கத்தில் இருந்தன. 1834 அக்டோபரில் பழைய குச்சிகளை அடுப்பில் போட்டு எரித்தபோது தீ பரவி லண்டன் பாராளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது.

அந்தக் குச்சியின் ஒரு பாதிக்கு 'ஃபாயில்' என்று பெயர். அதிலிருந்து வந்தது கவுன்டர்ஃபாயில். அதை நாம் தமிழில் அடிக்கட்டை என்கிறோம். ரசீதுப் புத்தகத்தில் கிழித்த பிறகு தங்குகிற துண்டைக் கட்டை என்று சொல்லும் ஊர் நம்முடையது. லண்டன் குச்சியைப் பார்க்காமலேயே சரியான சொல்லைப் போட்டிருக்கிறோம்.

1700களின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் செக் என்று எழுதப்பட்டது இந்த அடிக்கட்டையைத்தான். யாராவது தொகையைத் திருத்தினால் அதைத் தடுக்கிற, பிடித்துக்கொடுக்கிற துண்டு என்பதால் அந்தப் பெயர். பிறகு அடிக்கட்டை உள்ள தாளுக்கே பெயர் நகர்ந்துவிட்டது. இதை நான் நேரில் பார்த்தேன். கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்த வியாபாரி ஒருவர், எங்கள் கிளையில் கணக்கு. அடிக்கட்டைகளைச் சணலில் கட்டித் தேதிவாரியாக அடுக்கிவைப்பார். ஒருநாள் அவர் கொடுத்த 5,000 ரூபாய் செக் 25,000 ஆகி வந்தது. எண்ணுக்கு முன்னால் ஒரு 2, எழுத்துக்கு முன்னால் 'இருபத்து' என்று நுழைத்திருந்தார்கள். மையின் நிறம் லேசாக மாறியிருந்ததால் நிறுத்திவைத்துவிட்டு ஆள் அனுப்பினேன். அவர் கட்டைப் பிரித்து அந்தத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். 5,000, தேதி, பேர், எல்லாம் அவர் கையெழுத்து. என் கையில் இருந்த தாளைவிட அந்தத் துண்டுதான் செக் என்று எனக்கு விளங்கியது அன்றைக்குத்தான்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு செக்கை நீட்டினால் ஒரு பித்தளை டோக்கன் கொடுப்போம். வட்டமாக, ஓரத்தில் ஒரு ஓட்டை, நடுவில் எண். பல வருடம் கை மாறிக் கை மாறி எண் மழுங்கியிருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் 6ஆ 8ஆ என்று தெரியும். ஆங்கிலத்தில் அந்த மாதிரி டோக்கனுக்கும் செக் என்றே பெயர் உண்டு. மீனாட்சியம்மன் கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு ஒரு டோக்கன் வாங்குகிறோமே, அதையும் அப்படிச் சொல்லலாம். ஏர்போர்ட்டில் பெட்டியைக் கொடுத்துவிட்டு ஒட்டுச்சீட்டு வாங்குவது வரைக்கும் இந்தப் பொருள் நீள்கிறது.

எழுத்துக்கூட்டு விஷயம். அமெரிக்காவில் வங்கிச் செக்கையும் கடைசியில் 'கே' போட்டுத்தான் எழுதுகிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள் எக்ஸ்செக்கரைப் பார்த்து 'கியூ-யு-இ' போட ஆரம்பித்தார்கள், அதுவே நமக்கும் வந்தது. அமெரிக்க ஓட்டல்களில் சாப்பிட்ட பில்லுக்கும் செக் என்றே பெயர். விடைத்தாளில் போடும் டிக் குறியும் அவர்களுக்குச் செக். பிரெஞ்சுக்காரர்களுக்கு 'எஷெக்' என்றால் தோல்வி.

அரபியில் 'சக்' என்று ஒரு சொல் இருந்தது, இன்னாருக்கு இவ்வளவு கொடு என்று எழுதித்தரும் பண ஓலை. பேங்க் செக் அதிலிருந்து வந்தது என்று எழுதுகிறவர்கள் உண்டு. பொருள் அப்படியே பொருந்துவதால் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆங்கிலச் செக் முதலில் குறித்தது பணம் தரச் சொல்லும் தாளை இல்லை, அடிக்கட்டையை. அதனால் நான் செஸ் பலகை வழியைத்தான் நம்புகிறேன்.

தமிழில் நாம் போட்ட பெயர் காசோலை. காசு, ஓலை. வங்கியில் எங்களுக்குள் "செக் லீஃப் எத்தனை இருக்கு?" என்றுதான் பேசுவோம். லீஃப் என்றால் இலை. குச்சிக்குச் சொன்ன ஃபாயில் என்ற சொல்லும் லத்தீனில் இலையைக் குறித்ததுதான். ஓலையில் எழுதிய ஊரில் ஓலை என்றோம், அவர்கள் இலை என்றார்கள். மதுரைக் கிளையின் செக் ஒன்றைக் கையில் எடுத்து அடியில் இருக்கும் வெள்ளைப் பட்டையைப் பாருங்கள். காந்த மையில் எண்கள் வரிசையாக இருக்கும். முதலில் ஆறு இலக்கச் செக் எண், அடுத்து ஒன்பது இலக்கம். அந்த ஒன்பதில் முதல் மூன்று 625, நம் பின்கோடின் முதல் மூன்று எண்ணும் அதுதான். ஊர், வங்கி, கிளை என்று மும்மூன்று எண். இயந்திரம் செக்கைச் செக் செய்வதற்கு அவை.

எண்ணெய்ச் செக்கு பற்றி. அது நம் சொந்தச் சொல். செக்கு மாடு, செக்கிழுத்த செம்மல் என்று நம்மோடு ஊறியது. ஆனால் ஒரு சொல் இன்னொரு மொழிக்குப் போனது என்று சொல்ல ஒலி ஒத்தால் போதாது. யார் கொண்டுபோனார்கள், இடையில் யார் வாயில் எப்படி மாறியது என்று வழி காட்ட வேண்டும். ஷாவுக்கு அந்த வழி முழுக்க இருக்கிறது. ஜெர்மனியில் செஸ்ஸுக்கு 'ஷாஹ்', ரஷ்யாவில் 'ஷாஹ்மதி' என்று ஒவ்வொரு ஊரிலும் தடம் விட்டுப் போயிருக்கிறது. எண்ணெய் ஆட்டும் செக்குக்கும் ராஜாவுக்கும் நடுவில் அப்படி ஒரு தடமும் இல்லை. தமிழுக்குப் பெருமை சேர்க்க இந்த மாதிரிச் செய்தியைப் பரப்ப வேண்டிய அவசியமும் இல்லை, உண்மையாகவே போன சொற்கள் நிறைய இருக்கின்றன.

அதில் ஒன்று காசு. இங்கே நிலைமை செக்குக்கு நேர் எதிர். செக் ஒரே சொல், பல பொருள். கேஷ் பார்க்க ஒரே சொல், ஆனால் இரண்டு தாய். ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ், பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களிலிருந்து வந்தது. அவற்றுக்கு மூலம் லத்தீன் 'காப்ஸா', அதுவும் பெட்டிதான். பெட்டிக்குள் இருந்த பணத்துக்குப் பெட்டியின் பெயரே வந்துவிட்டது. இன்னொரு கேஷ் இருக்கிறது, ஆசியாவில் புழங்கிய சின்ன நாணயத்துக்கு ஐரோப்பியர்கள் வைத்த பெயர். அது நம் காசு. போர்ச்சுகீசியர் வாய்வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. சீனாவின் நடுவில் ஓட்டை போட்ட நாணயத்தையும் ஆங்கிலேயர்கள் அந்தப் பெயரால்தான் கூப்பிட்டார்கள். கம்பெனிக் காலத்து மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். ஆங்கிலத்தில் அந்தக் காசை 'கேஷ்' என்றே எழுதினார்கள்.

ஆகவே உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்: வங்கியில் கேஷ் கவுன்டர் என்று எழுதியிருக்கும் பலகையில் உள்ள கேஷ், இத்தாலிக்காரரின் பெட்டி. அதற்குக் கீழே நீங்கள் நீட்டுகிற காசோலையில் உள்ள காசு நம்முடையது.